காசு போடாத சாம்பியன்

அன்புள்ள சார்,

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வயது 43. அந்தக் காலத்து வீடியோ கேம் கடைகளில் இருந்த 'டபிள்யூடபிள்யூஎஃப் ரெஸில்ஃபெஸ்ட்' மல்யுத்த விளையாட்டை எமுலேட்டரில் (பழைய இயந்திர விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) போட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு தினமும் ஆடுகிறேன். பட்டம் வைத்திருக்கும் லீஜன் ஆஃப் டூம் ஜோடியைப் பலமுறை ஜெயித்து சாம்பியன் ஆகிவிட்டேன் (உயிர் குறைந்தால் காசு பொத்தானை அழுத்திவிடுவேன்!). என் மச்சான் சிரிக்கிறார். "மல்யுத்தமே பொய், அந்தப் பொய்க்கு ஒரு பொம்மை, அதை இந்த வயதில் ஆடுகிறீர்கள்" என்கிறார். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. இது வெறும் பழைய நினைவின் மயக்கம்தானா? இன்றைய கிராபிக்ஸோடு ஒப்பிட்டால் இதில் என்ன இருக்கிறது? இதன் தொடர்ச்சியாக வந்த 'ரெட்ரோமேனியா ரெஸ்லிங்' வாங்கலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

நானும் சில நாட்களாக இந்த விளையாட்டைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த இயந்திரத்தின் சுவிட்ச் அட்டவணை ஒன்று கண்ணில் பட்டது. அதற்கு வருகிறேன்.

முதலில் மச்சான். மல்யுத்தம் முன்பே முடிவு செய்யப்பட்டது என்பது அவர் துப்பறிந்து கண்டுபிடித்த சேதி அல்ல. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் வரியும் வேண்டாம் என்பதற்காக, 1989லேயே டபிள்யூடபிள்யூஎஃப் கம்பெனி அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில செனட்டிடம் 'இது போட்டி அல்ல, கேளிக்கை' என்று ஒப்புக்கொண்டுவிட்டது. பதினெட்டாம் நாள் படுகளத்தில் துரியோதனன் சாகப்போகிறான் என்று தெரியாமலா அத்தனை கூட்டம் வெயிலில் நிற்கிறது? இதற்கு மேல் அவரிடம் பேச வேண்டாம். கிராபிக்ஸ் பற்றிய கேள்விக்கும் பதில் சொல்லப்போவதில்லை. வெட்கத்தைப் பொறுத்தவரை, 43 வயதில் தனக்குப் பிடித்ததை ஆட மச்சானிடம் அனுமதி கேட்டு நிற்கிறீர்களே, வெட்கப்படுவதானால் அதற்குப் படுங்கள்.

என்னைத் தொந்தரவு செய்தது அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி. அதுவும் ஆச்சரியக்குறியோடு.

ரெஸில்ஃபெஸ்ட் 1991ல் வந்தது. செய்தது டெக்னோஸ் ஜப்பான், 'டபுள் டிராகன்' செய்த அதே கம்பெனி. ஹோகன், அல்டிமேட் வாரியர், மிஸ்டர் பெர்ஃபெக்ட், ஜேக் ராபர்ட்ஸ் என்று நாம் எடுத்து ஆடப் பத்துப் பேர். இருவராகச் சேர்ந்து பட்டத்துக்குப் போகலாம், அல்லது எல்லோரும் ஒரே மேடையில் மோதும் ராயல் ரம்பிளில் இறங்கலாம். இதில் எனக்குப் பிடித்தது அதன் பொறுமை. எடுத்த எடுப்பில் ஆளைப் பிடித்தால் சின்ன அடிதான் விழும். எதிராளி தளரத் தளரத்தான் பெரிய பிடிகள் வரும். மேடையில் ஒரு நல்ல ஆட்டம் எப்படி மெல்ல மெல்ல ஏறுமோ அப்படி. நான்கு வருடம் கழித்து மிட்வே கம்பெனி செய்த 'ரெசில்மேனியா' ஆர்கேட் விளையாட்டைப் பாருங்கள்: ரேசர் ராமோன் என்ற வீரரின் கை நிஜமாகவே சவரக்கத்தியாக மாறும். வேடிக்கைதான், ஆனால் மல்யுத்தம் அல்ல.

இப்போது சுவிட்ச். இயந்திரத்தின் உள்ளே, போர்டில், நகத்தால் தள்ளுகிற அளவுக்கு ஒரு வரிசை உண்டு. ஆட்டம் எவ்வளவு கடினம், இழந்த சக்தியைத் திரும்ப வாங்க எத்தனை காசு, ஒரு ஆட்டம் ஜெயித்தால் எவ்வளவு சக்தி திரும்பக் கிடைக்கும், பட்டத்துக்கான மோதல் நான்காவது ஆட்டமா ஐந்தாவதா, எல்லாம் அதில்தான். மல்யுத்தக் கம்பெனிகளில் யார் ஜெயிக்க வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு புக்கர் இருப்பார். இந்த இயந்திரத்துக்குக் கடைக்காரர்தான் புக்கர். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கடை வைத்திருந்த அண்ணன், காலாண்டு லீவு விட்டதும் பின்கதவைத் திறந்து டார்ச் வெளிச்சத்தில் ஏதோ செய்வார். அன்றிலிருந்து எர்த்க்வேக் என்ற வீரன் அடித்தால் எழுந்திருக்க முடியாது. எங்களுக்கு எல்லாம் தெரியும். யாரும் அவரை ஏமாற்றுக்காரர் என்று சொன்னதில்லை, டோக்கன் வாங்கினோம்.

அந்தக் கடைக்கு ஜவுளிக்கடைக்காரர் மகன் ஒருவன் வருவான். சட்டைப்பை நிறைய டோக்கன். உயிர்க்கோடு குறையக் குறையப் போட்டுக்கொண்டே இருப்பான், பட்டத்தையும் வாங்குவான். பார்ப்பதற்கு யாரும் நிற்க மாட்டோம். பக்கத்து டீக்கடையில் கிளாஸ் கழுவிய பையன் ஒருவன் இருந்தான். டிவியில் பார்ப்பதற்கு முன்பே மல்யுத்த டிரம்ப் கார்டு சீட்டுகள் வழியாக எல்லா வீரர்களுடைய உயரமும் எடையும் அவனுக்கு மனப்பாடம். ஞாயிறு மதியம் ஒரே ஒரு டோக்கனோடு வருவான். ஜேக் ராபர்ட்ஸ், மிஸ்டர் பெர்ஃபெக்ட் ஜோடி. அவசரமே பட மாட்டான். உயிர் பாதி ஆவதற்கு முன்பே மூலைக்குப் போய் டேக் கொடுத்து (ஜோடியின் கையைத் தட்டி) ஆள் மாற்றிவிடுவான், வெளியே போகிறவன் இளைப்பாறட்டும் என்று. ஒருநாள் அந்த ஒற்றை டோக்கனில் லீஜன் ஆஃப் டூம் வரை போனான். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள். டேக் கொடுக்க ஓடும் வழியில் அந்த ஜோடியில் ஒருவனான அனிமல் பிடித்துக்கொண்டான், கதை முடிந்தது. கடைக்கார அண்ணன் ஒரு டோக்கனை எடுத்து நீட்டினார். பையன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குத் திரும்பிப் போனான். எனக்கு இன்றுவரை அவன்மேல் பொறாமை உண்டு.

உங்கள் எமுலேட்டரில் காசு என்பது ஒரு பொத்தான். வரம்பே இல்லை. நீங்கள்தான் ஆட்டக்காரர், நீங்கள்தான் கடைக்காரர், புக்கரும் நீங்களே. தினமும் ராத்திரி உட்கார்ந்து, நீங்களே ஜெயிப்பதாக எழுதிய நாடகத்தை நீங்களே நடித்து முடித்துவிட்டு, அதைப் 'பலமுறை சாம்பியன்' என்று எனக்குக் கடிதம் வேறு எழுதுகிறீர்கள். மச்சான் சொன்ன பொய் இங்கேதான் இருக்கிறது. அவர் தப்பான இடத்தில் தேடுகிறார், அவ்வளவுதான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிற மனிதருக்கு ஒரு சுலபமான வெற்றி தேவைப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஒரு வாரம் அந்தப் பொத்தானைத் தொடாமல் ஆடிப் பாருங்கள். ஒரு காசு. போனால் மூடிவிட்டுத் தூங்குங்கள். மூன்றாவது ஆட்டத்தைத் தாண்டுவதே கஷ்டமாக இருக்கும். அல்லது ராயல் ரம்பிளில் இறங்குங்கள். அங்கே கயிற்றுக்கு மேலே தூக்கி எறிந்துவிட்டால் உயிர்க்கோடு எவ்வளவு நிறைந்திருந்தாலும் வெளியேதான்.

நீங்கள் கேட்டதை மறந்தே போனேன். ரெட்ரோமேனியா 2021ல் வந்தது, ரெட்ரோசாஃப்ட் ஸ்டுடியோஸ் செய்தது, அதிகாரபூர்வமான தொடர்ச்சிதான். டபிள்யூடபிள்யூஇ (டபிள்யூடபிள்யூஎஃப்பின் இன்றைய பெயர்) உரிமம் இல்லாததால் ஹோகனும் வாரியரும் கிடையாது. ஆனால் லீஜன் ஆஃப் டூமின் ஹாக், அனிமல் இருவரும் ரோடு வாரியர்ஸ் என்ற தங்கள் பழைய பெயரில் இருக்கிறார்கள். 1991ல் அவர்களை எதிர்த்து ஆடத்தான் முடியும், எடுத்து ஆட முடியாது. இதில் முடியும். வாங்குங்கள். இரண்டாவது கன்ட்ரோலர் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள், மச்சான் எப்படியும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவார்.