பாட்-லிமிட் ஒமாஹா போக்கரில் இரண்டு ஏஸோடு தோற்றது துரதிர்ஷ்டமா?

1-2 டாலர் ஆட்டம் (கட்டாயத் தொடக்கப் பந்தயங்கள் 1, 2 டாலர்). ஒமாஹாவில் கையில் நான்கு சீட்டு; அதில் இரண்டோடு மேஜையின் பொதுச் சீட்டுகளில் மூன்றைச் சேர்க்க வேண்டும். உங்களிடம் கிளாவர் ஏஸ், ஹார்ட் ஏஸ், டைமண்ட் ராஜா, கிளாவர் 3. ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு): ஸ்பேட் 9, ஸ்பேட் 8, டைமண்ட் 2. பாட் (நடுவில் சேர்ந்த பணம்) 24; முழுசாக 24 பந்தயம். எதிராளி அதை 96-க்கு உயர்த்த, ஆல்-இன் (கையிலுள்ள பணம் முழுவதும்) போய்த் தோற்றிருக்கிறீர்கள்.

துரதிர்ஷ்டம் இல்லை. அவர் காட்டியது ஸ்பேட் ஜாக்கி, ஸ்பேட் 10, ஹார்ட் 7, டைமண்ட் 6. ராணி, ஜாக்கி, 10, 7, 6, 5 எது வந்தாலும் ஸ்ட்ரெய்ட் (அடுத்தடுத்த ஐந்து சீட்டு): 20 சீட்டு. ஃப்ளஷ் (ஒரே வகையில் ஐந்து) தரும் மற்ற ஸ்பேடுகள் 5. மிச்சமிருக்கும் 41-இல் 25 அவருக்கு! டர்ன், ரிவர் (நான்காம், ஐந்தாம் பொதுச் சீட்டு) இரண்டிலும் தவற வாய்ப்பு சுமார் 15% மட்டுமே.

ஃப்ளாப்பில் பந்தயமே வேண்டாம், செக் (பந்தயம் இல்லாமல் விடுவது) போதும். போட்டுவிட்டாலும் 96 வந்ததும் சீட்டை மடித்து விலகியிருக்கலாம். சிறு ஆட்டங்களில் அந்த ரெய்ஸ் (பந்தய உயர்வு) பெரும்பாலும் செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) அல்லது இப்படிப்பட்ட பெரிய டிரா (இன்னும் முடியாத, பல சீட்டுகளால் முடியக்கூடிய கை). உங்கள் கையில் பாட்டைப்போல் எட்டு மடங்கு பணம் இருந்தது; அதை முழுவதும் பணயம் வைத்தது தவறு. ஒரு மடங்குதான் என்றால் ஆல்-இன் சரி.