ஆறரை மணிக்கு மேடை

அன்புள்ள அக்கா,

பாம்பனில் ஒரு மாடி அறையில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். பதினோரு பிள்ளைகள். வாடகைக்கே இழுபறி. உள்ளூர் விழாக்களை வைத்து வகுப்புக்கு விளம்பரம் தேடலாம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன்: ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் ஒரு ஸ்டால், மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கையில் நோட்டீஸ், அக்டோபர் 15 கலாம் பிறந்த நாளுக்குப் பள்ளிகளில் நிகழ்ச்சி, மே மாதம் சம்மர் கேம்ப். ஒரு கோயில் விழாக் கமிட்டி மேடையும் தருவதாகச் சொல்கிறது. எதில் தொடங்கலாம்?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

மேடை என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே அது மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் பட்டியலை முடித்துவிடலாம்.

அக்னி தீர்த்த ஸ்டாலை விட்டுவிடு. அப்பனுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு ஈரவேட்டியோடு கரையேறுகிறவர் கையில் டான்ஸ் கிளாஸ் நோட்டீஸைத் திணிப்பாயா? அவர் ஊர் மதுரையோ மகாராஷ்டிராவோ. திங்கட்கிழமை சாயங்காலம் மகளை உன் மாடிக்குக் கூட்டிவரப் போகிறவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. உத்தரகோசமங்கையும் அப்படித்தான். வருஷமெல்லாம் சந்தனக் காப்பில் இருக்கிற மரகத நடராஜரை, காப்பு களைந்த கோலத்தில் பார்க்க சனம் வரிசையில் நெருக்கியடித்து நிற்கிறது. உன் நோட்டீஸ் காலில் மிதிபடும். ஆனால் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போ. ஆடப் படிக்கிற பிள்ளை பார்க்கவேண்டிய கால் அந்த நடராஜர் கால். பேனர் வேண்டாம். கலாம் பிறந்த நாளா, பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் போய்விட்டு வா.

சம்மர் கேம்ப் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். பாம்பனில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறாய்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில். படகு வைத்திருக்கிறவருக்கு மராமத்துச் செலவு, கூலிக்குக் கடலுக்குப் போகிறவருக்கு வரவு இல்லை, ஐஸ் உடைக்கிறவருக்கும் மீன் கூடை சுமக்கிற அம்மாவுக்கும் வேலை பாதி. பிள்ளைகளுக்கு லீவும் வீட்டில் காசு இல்லாததும் ஒரே நேரத்தில் வருகிற கரை இது. சென்னையில் கேம்ப் போடுகிறார்கள் என்று நீயும் மே மாதத்தில் ஃபீஸ் கேட்டால் எந்த அப்பன் தருவான்? கேம்ப் நடத்து, ஆனால் அந்த மாதம் சும்மா சொல்லிக்கொடு. ஃபீஸ் பேச்சை ஜூலைக்குத் தள்ளு. ஜூலையில்தான் தங்கச்சிமடம் வேர்க்காட்டில் சந்தியாகப்பர் சர்ச் திருவிழா. மதம் பார்க்காமல் சுற்றுவட்டாரமே போகிற திருவிழா, உன் பட்டியலில் அது இல்லவே இல்லை. பரதம் என்றால் சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று நீயே முடிவு கட்டிவிட்டாயா தாயி?

சரி, மேடை.

என் அண்ணன் மகள் சின்னவளாக இருந்தபோது கடலோர ஊர் ஒன்றில் கோயில் திருவிழாவுக்கு ஆடப் போனாள். ஏழு மணி நிகழ்ச்சிக்கு நாலு மணிக்கே மேக்கப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். உப்புக் காற்றில் பேன்கேக் பூச்சு நிற்குமா? காதோரமாகக் கோடு கோடாக வழிந்தது. நெற்றிச்சுட்டியை இழுத்துக் கட்டியதில் வகிடு சிவந்துவிட்டது. ஏழரைக்கு வரவேற்புரை. அப்புறம் பொன்னாடை. அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவருக்கு, பந்தல் போட்டவருக்கு, மைக் செட்டுக்காரருக்கு. சிறப்பு விருந்தினர் வந்தது ஒன்பதரைக்கு. உடுப்பைக் கட்டிவிட்டால் அவிழ்க்க முடியாது, பாத்ரூம் போக முடியாது, அதனால் யாரும் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று டீச்சர் உத்தரவு. பத்தரைக்கு மேடையேறி, பரதத்தில் முதலில் ஆடுகிற அலாரிப்பு ஆடினாள். நன்றாகத்தான் ஆடினாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சலங்கையை அவிழ்த்தபோது கணுக்காலில் தோல் உரிந்திருந்தது. டீச்சர் மைக்கைப் பிடித்து, "அட்மிஷன் நடைபெறுகிறது" என்று போன் நம்பரை இரண்டு தடவை சொன்னார்.

என் பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் ஐந்தாறு வயதுப் பெண். அவர் சாயங்காலத்திலிருந்து மேடையைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் தார்ப்பாய் மறைப்புக்குள் சுருண்டு கிடந்த பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ளைகளுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தா என்னவாம்?" என்றார் என்னிடம். போன் நம்பரை அவர் குறித்துக்கொள்ளவில்லை.

முட்டி மடக்கி நிற்கிற அரைமண்டி சரியா, அடவு சுத்தமா என்று பார்க்க ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தால் அதிகம். பிள்ளைகளை நீ எப்படி வைத்திருக்கிறாய் என்பது அங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாத் தாய்க்கும் தெரியும். அதைப் பார்த்துத்தான் அவள் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறாள்.

அதனால் கமிட்டியிடம் முதலில் நேரத்தைப் பேசு. விளக்கேற்றியதும், பேச்சாளர்களுக்கு முன்னால், ஆறரைக்கு. கால் மணி நேரம் போதும். முடியாது என்றால் மேடையே வேண்டாம் என்று எழுந்து வா. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு வாடகை உடுப்பு எதற்கு? பயிற்சிப் புடவையைக் கட்டிவிடு, மையும் பொட்டும் போதும். ஆடி முடித்ததும் முகம் கழுவி, தண்ணீர் கொடுத்து, அம்மாக்களோடு கூட்டத்தில் உட்கார வை. மைக்கில் அட்மிஷன் என்று வாயைத் திறக்காதே. பக்கத்தில் இருக்கிற அம்மா அந்தப் பிள்ளையிடமே கேட்பாள்: "எங்கத்தா படிக்கிற?" பிள்ளை சொல்லும். நோட்டீஸ் அச்சடிக்கிற காசு மிச்சம்.

முளைப்பாரித் திருவிழாவில் மேடையும் வேண்டாம். பெண்கள் கும்மி கொட்டுகிற வட்டத்தில் உன் பிள்ளைகளோடு நீயும் போய் நில். உன்னைவிடத் தாளம் பிசகாத கிழவிகள் அங்கே இருப்பார்கள். கொஞ்சம் கற்றுக்கொண்டு வா.

எதில் தொடங்குவது என்றுதானே கேட்டிருந்தாய்? விஜயதசமியில். நீ கூப்பிடாமலேயே பிள்ளையைச் சேர்க்க வருகிற நாள் அது. அதற்கு முந்தின நவராத்திரியில், கொலு வைத்திருக்கிற வீடுகள் இரண்டு மூன்றில் பிள்ளைகளை ஐந்து நிமிஷம் ஆடவிடு.

கமிட்டி நேரத்துக்கு என்ன சொன்னது என்று எழுது. ஆறரை என்று ஒப்புக்கொண்டு ஒன்பதுக்கு இழுத்தால் சொல்லு, நானே வந்து பேசுகிறேன்.