ஊட்டிக்கு எந்த மாதத்தில் போவது நல்லது? வயதான பெற்றோரும் பள்ளிக்குச் செல்லும் மகளும் உடன் வருகிறார்கள்.

நான் மேட்டுப்பாளையத்தில் வளர்ந்தவன். வீட்டு மொட்டை மாடியில் நின்று, குன்னூர் பக்கம் மேகம் எப்படி இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மலையேறுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது எங்கள் வீட்டு வழக்கம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்களைப் போலக் குடும்பத்துடன் வருபவர்களுக்குச் செப்டம்பரின் பின்பாதி ஏற்றது. மே மாதத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

நீலகிரியை ஒரே மலையாக எண்ணி மாதம் தேடுவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். மழையைப் பொறுத்தவரை அது இரண்டு மலைகள். ஜூன் முதல் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி ஆகிய மேற்குப் பகுதிகளில் மோதித் தன் மழையின் பெரும்பகுதியை அங்கேயே கொட்டிவிடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது நினைவிருக்கலாம். அதே பருவத்தில் கிழக்கே இருக்கும் கோத்தகிரியில் தூறலும் மூடுபனியுமாகப் பொழுது கழிந்துவிடும் நாட்கள் உண்டு. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் முறை மாறுகிறது. அப்போது அடி வாங்குவது குன்னூரும் கோத்தகிரியும். 2009 நவம்பரில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இந்தப் பக்கத்தில்தான். மலை ரயிலின் கல்லாறு–குன்னூர் பாதையும் இதே சரிவில் ஏறுவதால், நவம்பரில் பாறையும் மண்ணும் தண்டவாளத்தில் விழுந்து ரயில் ரத்தாவது எங்கள் ஊரில் செய்தியே அல்ல. ஒருமுறை சென்னையிலிருந்து வந்த உறவினர்கள் நவம்பரில் முன்பதிவு செய்துவிட்டு, கடைசியில் கோத்தகிரி சாலை வழியாகப் பேருந்தில் ஏற நேர்ந்தது. அவர்களுடைய பிள்ளை கோத்தகிரி வரும்வரை யாருடனும் பேசவில்லை.

ஆகவே மேற்கின் மழை ஓய்ந்து, கிழக்கின் மழை தொடங்காத இடைவெளிதான் நீங்கள் தேட வேண்டியது. உள்ளூரில் இதை இரண்டாம் சீசன் என்பார்கள். பைக்காராவிலும் அணைகளிலும் தண்ணீர் நிறைந்திருக்கும். புல்வெளிகள் பசுமை மாறாமல் இருக்கும். குளிர், ஒரு ஸ்வெட்டருக்குள் அடங்கிவிடும். பிற்பகலில் ஒரு மழை வந்து போகலாம் என்பதால், தொட்டபெட்டா போன்ற உயரமான காட்சிமுனைகளைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. 2,637 மீட்டர் உயரத்துக்கு ஏறிப் போய் வெறும் வெண்மையைப் பார்த்துத் திரும்பியவர்கள் ஏராளம். மகளின் காலாண்டு விடுமுறை தொடங்கிய உடனே வார நாட்களில் வந்துவிடுங்கள். ஓணம் விடுமுறையையும், ஆயுத பூஜையை ஒட்டிய நாட்களையும் தவிருங்கள். அப்போதைய கூட்டம் மே மாதத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

மே மாதத்துக்கும் நியாயம் சொல்லிவிடுகிறேன். தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சி அப்போதுதான் நடக்கிறது. சமவெளி கொதிக்கும்போது அங்கே பகலில் 25 டிகிரிக்குள்தான் இருக்கும். ஆனால் அந்த இதத்தைப் பெரும்பாலும் வாகனத்துக்குள் உட்கார்ந்தே அனுபவிக்க நேரிடும். குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் போக்குவரத்தை நடைமுறைப்படுத்தியும் நெரிசல் தீரவில்லை. 2024 மே மாதம் முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, வெளியூர் வாகனங்கள் மலைக்கு வர இணையவழி அனுமதிச் சீட்டான இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. எந்த மாதத்தில் கிளம்பினாலும் அப்போதைய விதியைப் பார்த்து இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் அந்தக் கவலை இல்லை.

எனக்காக மட்டும் போவதென்றால், பொங்கல் விடுமுறைக் கூட்டம் இறங்கிய பிறகு, ஜனவரி இறுதியில் போவேன். மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலத்தின் வெப்பம் வானத்துக்குப் போய்விட, கனத்த குளிர்காற்று பள்ளங்களில் தேங்குகிறது. அதனால்தான் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது, மேட்டிலுள்ள வீடுகளில் அவ்வளவு உறைபனி இருப்பதில்லை. தேயிலைத் தளிரும் கருகும். விவசாயிகளுக்கு அது வேடிக்கையன்று. எட்டு மணிக்குள் வெயில் வந்துவிட, நாள் முழுவதும் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். கோடநாடு காட்சிமுனையிலிருந்து மாயாறு ஓடும் பள்ளத்தாக்கு முழுவதையும் நான் தெளிவாகப் பார்த்தது இந்த நாட்களில்தான்.

ஆனால் முதியவர்களுக்கு அந்த விடியற்காலைக் குளிர் ஏற்றதன்று, குறிப்பாக மூட்டுவலியோ மூச்சிரைப்போ இருந்தால். அப்படியும் ஜனவரியில்தான் வர முடியும் என்றால், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தங்காமல், ஏறக்குறைய 400 மீட்டர் தாழ்வான குன்னூரில் அறை எடுத்துக்கொண்டு, வெயில் ஏறிய பின் ஊட்டிக்குப் போய் மாலைக்குள் திரும்பிவிடுங்கள்.