எத்தனை மில்லிமீட்டர் பெய்தால் கனமழை? மழையளவு குறித்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தண்ணீரை லிட்டரில் அளப்பதுதானே வழக்கம்? மழையை மட்டும் ஏன் மில்லிமீட்டரில் சொல்கிறார்கள்?

பதில்: மழைமானி அளப்பது நீரின் உயரத்தை. பெய்த நீர் வழிந்தோடாமலும், மண்ணுக்குள் இறங்காமலும், ஆவியாகாமலும் சமதரையில் அப்படியே நின்றிருந்தால் எவ்வளவு உயரத்துக்கு நின்றிருக்குமோ, அதுவே மழையளவு. லிட்டரில் சொல்வதானால் எவ்வளவு பரப்பில் பெய்தது என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். உயரத்துக்கு அந்தத் தேவை இல்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அது சரியாக 1 லிட்டர் என்பதால், மாற்றிக் கணக்கிடுவதும் எளிது. 100 சதுர மீட்டர் கூரையில் 65 மி.மீ. மழை பெய்திருந்தால், அதன் மேல் விழுந்த நீர் 6,500 லிட்டர்.

கேள்வி: கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்ற சொற்களுக்குத் திட்டமான அளவு உண்டா?

பதில்: உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில், ஒரே இடத்தில் 24 மணி நேரத்தில் 2.5 முதல் 15.5 மி.மீ. வரை பெய்தால் லேசான மழை, 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை, 64.5 முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. செய்திகளில் முழுச் சென்டிமீட்டரில் சொல்லும்போது 7, 12, 21 ஆகியவை இம்மூன்று வகைகளும் தொடங்கும் எண்கள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வரம்புகள் உலகுக்கெல்லாம் பொதுவானவை அல்ல. அமெரிக்க வானிலையாளர்கள் மழையின் வேகத்தைக் கொண்டு வகைப்படுத்தும்போது மணிக்கு 7.6 மி.மீ.க்கு மேல் பெய்வதையே கனமழை என்கிறார்கள். ஒன்று நாள் முழுவதும் சேர்ந்த அளவு, மற்றொன்று அந்த நேரத்துப் பொழிவின் வேகம். இரண்டையும் ஒரே அளவுகோலாக எண்ணி ஒப்பிடுவதால்தான் பாதிக் குழப்பம் உண்டாகிறது.

கேள்வி: அரை மணி நேர மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு நீர் நின்றது. மறுநாள் அறிக்கையிலோ ‘மிதமான மழை’ என்று இருக்கிறது. அளவீட்டில் பிழையா?

பதில்: பெரும்பாலும் பிழை இராது. 40 நிமிடத்தில் 50 மி.மீ. கொட்டித் தீர்த்துவிட்டு, அந்த நாளின் மற்ற நேரமெல்லாம் வானம் வெளுத்திருந்தால், 24 மணி நேரக் கணக்கில் அது 50 மி.மீ. மட்டுமே, வகைப்பாட்டின்படி மிதமான மழை. மாறாக, மணிக்கு 5 மி.மீ. வீதம் இருபது மணி நேரம் நிதானமாகப் பெய்தால் மொத்தம் 100 மி.மீ. ஆகி, அது கனமழையில் சேரும். முதல் மழையில் வடிகால் தாங்காமல் தெரு நிரம்பும். இரண்டாவது மழையில் தெருவில் நீர் தேங்காமலும் போகலாம், ஆனால் மண் ஊறி, ஏரிக்கு நீர்வரத்து கூடும்.

ஆகவே ‘கனமழை’ என்ற சொல் விளைவைப் பற்றிய தீர்ப்பு அன்று. நகர வெள்ளத்தைப் புரிந்துகொள்ள ஒரு மணி, மூன்று மணி நேர அளவுகள் வேண்டும். ஆறு, ஏரிகளின் நிலையை அறிய ஒரு நாள், சில வேளை பல நாள் மொத்தம் வேண்டும். எவ்வளவு நேரத்தில் பெய்தது என்று சொல்லாத மழையளவை நான் பொருட்படுத்துவதில்லை.

கேள்வி: திங்கட்கிழமை மாலை பெய்த மழை, செவ்வாய்க்கிழமைக் கணக்கில் வருகிறதே?

பதில்: இந்தியாவில் மழை நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை, காலை 8.30 மணிக்குத் தொடங்கி, மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. அளவெடுத்த நாளின் தேதியிலேயே அந்த அளவு பதிவாகும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காலை 6 மணி முதல் 11 மணி வரை சீராக 120 மி.மீ. பெய்தால், 8.30 மணிக் கோடு அதைச் சரிபாதியாக வெட்டிவிடும். இரு நாட்களிலும் தலா 60 மி.மீ. பதிவாகி, எந்த நாளும் கனமழை நாள் ஆகாது.

கேள்வி: ஒரே நகரில் இரு நிலையங்களின் அளவு ஏன் இவ்வளவு மாறுபடுகிறது?

பதில்: மழைமானி தன் வாய்க்குள் விழுந்ததை மட்டுமே அறியும், இடிமேகமோ சில கிலோமீட்டருக்குள் தன் கொட்டலை முடித்துவிடக்கூடும். 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸில் 944 மி.மீ. பதிவானபோது, அதே நகரின் தென்கோடியில் உள்ள கொலாபாவில் பதிவானது 73 மி.மீ. மட்டுமே. ‘மும்பையில் பெய்த மழை’ என்று ஒற்றை எண்ணைச் சொன்னால் இவ்விரண்டில் எதைச் சொல்வது? முன்னறிவிப்பில் வரும் ‘ஓரிரு இடங்களில்’ என்ற சொற்களையும் இந்த வகையில்தான் படிக்க வேண்டும். அப்பகுதியின் நிலையங்களில் கால்பங்குக்கு மேற்படாதவற்றில் அந்த மழை பெய்யலாம் என்பது அதன் பொருள்; உங்கள் வீட்டில் பெய்யாததால் அறிவிப்பு பொய்த்ததாகிவிடாது.

கேள்வி: வீட்டிலேயே மழையை அளக்க முடியுமா?

பதில்: முடியும். அடி தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் உள்ள எந்தப் பாத்திரமும் போதும். மேலே அகன்று கீழே குறுகும் வாளி உதவாது. பாத்திரத்தைவிட அகலமான புனலைப் பொருத்தினால், நீரின் உயரத்தை வாய்ப்பரப்புகளின் விகிதத்தால் வகுக்க வேண்டும்: புனலின் விட்டம் பாத்திரத்தைப்போல் இரு மடங்கு என்றால், உயரத்தை நான்கால் வகுக்க வேண்டும், இரண்டால் அன்று. அமெரிக்காவின் நிலையான மழைமானி இதே உத்தியைப் பயன்படுத்துகிறது. அதன் உட்குழாயின் பரப்பு புனலின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு என்பதால், நீர் பத்து மடங்கு உயர்ந்து, சிறு தூறலையும் படிக்க முடிகிறது.

பாத்திரத்தைவிட இடமே முக்கியம். அருகிலுள்ள சுவர் அல்லது மரத்தின் உயரத்தைப்போல் குறைந்தது இரு மடங்கு தொலைவில், திறந்த தரையில் வையுங்கள். மொட்டை மாடியில் காற்றின் வேகம் கூடித் துளிகளைப் பாத்திரத்தின் வாய்க்கு அப்பால் தள்ளுவதால், அளவு குறைந்தே காட்டும்.

கேள்வி: பெருமழை பெய்தாலே அது மேகவெடிப்பா?

பதில்: இல்லை. சுமார் 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அப்பெயர் பொருந்தும். மலைப்பகுதிகளில் பல வேளைகளில் அந்த இடத்தில் மழைமானியே இருப்பதில்லை. அங்கே மேகவெடிப்பு என்பது ஊகமே.

கேள்வி: ‘ரெட் அலர்ட்’ விடுத்தால் 21 செ.மீ. மழை உறுதி என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக்கூடாது. எதிர்பார்க்கும் மழையளவு அந்த நிறத்தைத் தீர்மானிப்பதில் பங்கு பெற்றாலும், அது நிகழும் வாய்ப்பும் அதனால் விளையக்கூடிய பாதிப்பும் சேர்த்தே எடைபோடப்படுகின்றன. மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்து வர வேண்டும், ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இருக்க வேண்டும், சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்க வேண்டும்.