அறுபது வயது அம்மாவுக்குக் கணினியில் முதலில் எதைக் கற்றுக்கொடுப்பது?

கண்ட்ரோல் விசையையும் இசட் விசையையும் சேர்த்து அழுத்துவதை. கடைசியாகச் செய்ததை அது ரத்துசெய்து பழையபடி ஆக்கிவிடும். முதல் நாள் இது ஒன்று போதும்.

அம்மாவுக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுத்திருப்பதாகவும், தீபாவளிக்கு வரும்போது பயனுள்ள குறுக்குவிசைகளைச் சொல்லிக்கொடுக்க விரும்புவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும். வந்தால் இரண்டு நாள் தங்குவீர்கள். இருபது விசைகளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் புறப்படுவீர்கள். அம்மா அந்தப் பெட்டியைத் துடைத்து, துணி போர்த்தி வைத்துவிடுவார். பிள்ளை வாங்கித் தந்ததைத் தொட்டுக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம்தான் அவரைத் தடுக்கும்.

அந்தப் பயத்தை நான் அறிவேன். மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் 26 ஆண்டுகள் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். ஆட்களின் பெயரையும் கூலியையும் எழுதும் பேரேடான செக்ரோலில் ஓர் எண் தவறினால் அழிப்பானைத் தொடக் கூடாது. சிவப்பு மையில் ஒரு கோடு, மேலே சரியான எண், ஓரத்தில் கையெழுத்து. மாதக் கடைசியில் தோட்ட மேலாளரான துரை அந்தச் சிவப்புக் கோடுகளை எண்ணிப் பார்ப்பார். எழுதியது எழுதியதுதான் என்று பழகிய கை எனக்கு.

தோட்டம் விற்கப்பட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை இடித்தார்கள். எங்கள் மக்கள் டவுனில் ஆளுக்கொரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், சிதறிப் போனோம். 2016இல், தோட்டத்துக் கோயிலின் ஆண்டு மலருக்காக, எந்த லயத்தில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று ஒரு பட்டியல் தயாரிக்கத் தொடங்கினேன். பழைய செக்ரோல்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் நானே தட்டச்சு செய்தேன். (1985இல் அதை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு, எழுதியே ஆக வேண்டும்.) மூன்று மாதத்தில் 214 குடும்பங்கள் சேர்ந்தன.

ஒரு நாள் மாலை ‘ஆறுமுகம்’ என்று அடிக்கப் போனேன். அஞ்சல் விசைமுறையில் ‘ஆ’ வர ஷிஃப்டையும் ஏ விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஷிஃப்டுக்குக் கீழேயே கண்ட்ரோல் இருக்கிறது. விரல் ஒரு படி இறங்கிவிட்டது. கண்ட்ரோலுடன் ஏ சேர்ந்தால் ஆவணம் முழுவதும் தேர்வாகிவிடும். விசைப்பலகையைப் பார்த்தே அடிக்கிறவன் நான்; திரை நிறம் மாறியதைக் கவனிக்கவில்லை. அடுத்த எழுத்தை அடித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது வெள்ளைத் திரையில் ‘ற்’ என்ற ஒற்றை எழுத்து மட்டும் நின்றது.

அந்த நொடியில் கண்ட்ரோல் இசட் அழுத்தியிருந்தால் 214 குடும்பங்களும் திரும்பி வந்திருக்கும். எனக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. பதறிப்போய்க் கோப்பை மூடினேன். ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்று கணினி கேட்டது. காப்பாற்றித் தரத்தான் கேட்கிறது என்று நம்பி, ஆம் என்று அழுத்தினேன். ‘ற்’ சேமிக்கப்பட்டது.

டவுனில் ஒரு கணினிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். விண்டோஸையே மாற்ற வேண்டும் என்றார்கள். 120 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். பட்டியல் வரவில்லை, என் தாயாரின் கடைசிப் படங்களும் போய்விட்டன. இது பொதுவாக எல்லாக் கடைகளையும் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வாரம் கழித்து, பள்ளியில் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்த என் அக்காள் பேத்தி வந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, “தாத்தா, கண்ட்ரோல் இசட் அழுத்தியிருக்கலாமே” என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. திரும்ப எழுதலாம் என்றால், என் குறிப்பேட்டில் பாதிதான் இருந்தது. மீதியைச் சொன்ன இரண்டு பாட்டிகளில் ஒருவர் அதற்குள் காலமாகிவிட்டார்.

ஆகவே அம்மாவுக்கு இதன் எல்லையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆவணத்தை மூடிவிட்டால் கண்ட்ரோல் இசட் பழைய நிலையை மீட்டுத் தராது. அதனால் தவறு நடந்தால் எதையும் மூடாமல், கையை எடுத்துவிட்டு, கண்ட்ரோல் இசட். ஒரு தடவை போதாவிட்டால் மறுபடியும். அளவுக்கு மீறிப் பின்னால் போய்விட்டால் கண்ட்ரோல் ஒய் முன்னால் கொண்டுவரும். கோப்பையே தவறாக நீக்கிவிட்டாலும், உடனே அதே அடைவில் (ஃபோல்டரில்) கண்ட்ரோல் இசட் அழுத்தினால் திரும்பி வரும். பென்டிரைவில் நீக்கினால் வராது. அது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை, நேரே போய்விடும்.

இதைவிட முக்கியமானது கண்ட்ரோல் எஸ் என்று சிலர் வாதிடக்கூடும். சேமிப்பது அவசியம்தான். ஆனால் தவறைச் சேமித்தவன் நான். ஆப்பிள் கணினியில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் என்பதும் எனக்குத் தெரியும்.

மற்றவற்றை அடுத்த வாரம் தொலைபேசியில் சொல்லுங்கள். இசட்டுக்குப் பக்கத்திலேயே எக்ஸ், சி, வி வரிசையாக இருக்கின்றன: வெட்ட, நகலெடுக்க, ஒட்ட. உலாவியில் எழுத்து சிறியதாகத் தெரிந்தால் கண்ட்ரோலுடன் கூட்டல் குறி. பழைய அளவுக்குக் கண்ட்ரோலுடன் சுழியம். தமிழ் அடிக்கும்போது ஆங்கிலம் வந்தால் விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசை. தவறி மூடிய உலாவிப் பக்கத்துக்குக் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றும். இவ்வளவுதான் என் வீட்டில் தினமும் பயன்படுகிறது.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டாம் முறை 171 குடும்பங்களைத் திரட்டி நிர்வாகக் குழுவிடம் கொடுத்தேன். மலர் அச்சாகி வந்தபோது குடும்பத் தலைவர் பெயர்கள் மட்டும் இருந்தன. இடம் போதவில்லை என்று பெண்களின் பெயர்களை எடுத்துவிட்டார்கள். விடியுமுன் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் நின்று, தலைவிளக்கோடு பால்மரம் வெட்டி, வாளி சுமந்த பெண்கள். செக்ரோலில் அவரவர் பெயருக்கு எதிரே அவரவர் கூலியை எழுதியவன் நான். கணவனுக்குக் கீழே சேர்த்து எழுதியதே இல்லை. துணிக்கடை விளம்பரத்துக்கு இரண்டு முழுப் பக்கம் இருந்தது. கேட்டதற்கு அடுத்த மலரில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த மலர் இன்னும் வரவில்லை. முழுப் பட்டியல் என் கணினியிலும் இரண்டு பென்டிரைவிலும் இருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். சொல்லிக்கொடுக்கும்போது சுட்டியை அவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள். அவருக்குத் தெரிந்த ஒன்றை, தன் ஊர்த் தோழிகளின் பெயர்களையோ ஒரு சமையல் குறிப்பையோ, பத்து வரி அடிக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரமானாலும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். முடித்ததும் கண்ட்ரோலுடன் ஏ அழுத்தி, ஏதாவது ஓர் எழுத்தை அடிக்கச் சொல்லுங்கள். திரை வெறுமையானதும் அவர் முகம் வாடும். அப்போது நீங்கள் எதையும் தொடாமல், அவர் விரலாலேயே கண்ட்ரோல் இசட் அழுத்தச் சொல்லுங்கள்.