மகனைக் கொல்லாமல் கதையை முடிக்கலாமா?

கேள்வி: 1977-ல் அர்ஜென்டினாவின் தலைநகர் புவனஸ் அயர்ஸில் ராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போன மகனுக்காகக் காத்திருக்கும் அம்மாவைப் பற்றி ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். அவன் என்ன ஆனான் என்று சொல்லாமலே முடித்திருக்கிறேன். 'வாசகன் ஏமாந்துபோவான், சாவையாவது காட்டிவிடு' என்கிறார் நண்பர். காட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் நண்பர் கேட்பதைத்தான் அர்ஜென்டினாவின் ராணுவ அரசும் கேட்டது. இப்படிப் பிடித்துப் போய்க் காணாமல் போனவர்களை இறந்தவர்களாக அறிவித்துவிடலாம் என்று 1979-ல் ஒரு சட்டமே போட்டார்கள். உடல் கிடையாது, கொன்றது யார் என்ற பதில் கிடையாது, ஒரு காகிதத்தோடு கணக்கு முடிந்துவிடும். பிளாசா டி மாயோ அன்னையர், அதாவது காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு புவனஸ் அயர்ஸின் பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடிய தாய்மார்கள், அதை ஏற்கவில்லை. அவர்கள் ஏற்காததை உங்கள் கடைசிப் பக்கம் ஏன் செய்ய வேண்டும்?

கதையில் எனக்கு உறுத்தியது வேறு. 'அவன் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தான்' என்று அம்மா அண்டை வீட்டுக்காரியிடம் சொல்கிறாள். அந்த ஒரு வரியிலேயே மகன் செத்துவிட்டான். 'நன்றாகப் பாடுவான்' என்று மாற்றிப் பாருங்கள். இன்றும் பாடுகிறவனா, முன்பு பாடியவனா என்று பிரிக்கவே முடியாது. தமிழ் வினைமுற்று நமக்குச் சும்மா கொடுத்திருக்கும் வசதி இது. ஸ்பானிஷில் எழுதுகிறவருக்கு இது இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

அப்புறம், அந்த அம்மா வீட்டுக்குள்ளேயே அழுதுகொண்டிருக்கிறாள். வெளியே அனுப்புங்கள். பிளாசா டி மாயோ அன்னையர் காவல் நிலையம், ராணுவ முகாம், தேவாலயம் என்று அலைந்தார்கள், ஆட்கொணர்வு மனு போட்டார்கள். 1977 ஏப்ரல் 30 அன்று சதுக்கத்தில் முதலில் கூடியது பதினான்கு பேர்தான். கும்பலாக நிற்கக் கூடாது, நடங்கள் என்று போலீஸ் விரட்டியது. சரி என்று நடக்க ஆரம்பித்தார்கள். வியாழக்கிழமைதோறும் அந்தச் சதுக்கத்தைச் சுற்றி வந்தார்கள். தலையில் கட்டிய வெள்ளைத் துணி, முதலில் குழந்தைக்கு இடுப்பில் கட்டும் துணிதான்.

சித்திரவதைக் காட்சி ஒன்று சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அம்மா பார்க்காததைக் கதையும் பார்க்க வேண்டாம்.

நான்காம் பக்கத்தில் அவள் மகனின் சட்டையைத் துவைத்து, பித்தான் தைத்து, மடித்து வைக்கிறாளே, கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அதை முடிவுக்குக் கொண்டுபோங்கள். அவனுக்கு இந்நேரம் அளவு மாறியிருக்குமோ என்று மட்டும் அவள் யோசிக்கட்டும்.