வாசகர் கேள்விகள்: வகுப்பறையில் கூல்டிரிங்ஸ் ருசிச் சோதனை

கே: எட்டாம் வகுப்பில் 36 பிள்ளைகள். இரண்டு கம்பெனி கோலாவை ஊற்றிக் கொடுத்து, பிடித்ததற்குக் கை தூக்கச் சொன்னோம். முதல் பெஞ்ச் தூக்கியதும் மொத்த வகுப்பும் அதே பக்கம் சாய்ந்துவிட்டது. இதைச் சரியாக எப்படி நடத்துவது? (ஆசிரியை, காரிமங்கலம்)

ப: கை தூக்கச் சொன்னால் பிள்ளைகள் நாக்கைக் கேட்க மாட்டார்கள், பக்கத்துப் பையனைத்தான் பார்ப்பார்கள். சீட்டில் எழுதி மடித்துத் தரட்டும். குடிக்கும்போதும் முகம் பார்க்காதபடி சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார வையுங்கள்.

பெரிய 2 லிட்டர் பாட்டில் வாங்காதீர்கள். திறந்து பத்து நிமிடத்தில் கேஸ் இறங்கத் தொடங்கும். கடைசிப் பிள்ளைக்குப் போவது சப்பென்ற சர்க்கரைத் தண்ணீர். ஒவ்வொரு கம்பெனியிலும் 250 மி.லி. பாட்டில் ஆறு வாங்குங்கள். ஒரு பாட்டிலில் ஆறு பேருக்கு 40 மி.லி. வீதம் வரும். எனவே ஆறு ஆறு பேராகக் கூப்பிட்டு, அந்தந்தக் குழுவுக்கு அப்போதுதான் மூடி திறக்க வேண்டும். எல்லா பாட்டில்களையும் ஒரே அன்னக்கூடையில், ஐஸ் கட்டி போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் முக்கி வையுங்கள். ஒன்று சில்லென்றும் இன்னொன்று வெதுவெதுப்பாகவும் இருந்தால் சில்லென்றிருப்பதுதான் ஜெயிக்கும். கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. டம்ளருக்குள் ஐஸ் வேண்டாம், பானம் நீர்த்துவிடும்.

டம்ளருக்கு ஏ, பி என்றோ 1, 2 என்றோ பெயர் வைக்காதீர்கள். "ஒன்று" என்றாலே பிள்ளைகளுக்கு முதல் ரேங்க்தான். 417, 862 என்பது போல மூன்று இலக்க எண் கொடுங்கள். மார்க்கர் பேனாவின் வாடை மூக்கில் ஏறும், பென்சிலால் எழுதுங்கள். ஊற்றுபவர் வராந்தாவில் இருக்கட்டும். உள்ளே கொண்டுவந்து கொடுப்பவருக்கு எந்த எண் எந்தக் கம்பெனி என்று தெரியக் கூடாது, தெரிந்தால் முகமே காட்டிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு குழுவிலும் மூன்று பேர் 417-ஐயும் மூன்று பேர் 862-ஐயும் முதலில் குடிக்கட்டும். முதலில் குடித்ததற்குப் பெரும்பாலும் ஒரு சலுகை கிடைக்கும் என்பதால் இந்த மாற்றம் கட்டாயம். நடுவே வாய் கொப்பளித்து ஒரு நிமிடம் இடைவெளி.

36 பேரில் குறைந்தது 25 பேர் ஒரே பானத்தைத் தேர்ந்தால்தான் வகுப்புக்கு அது பிடித்திருக்கிறது என்று சொல்லலாம். 20-க்கு 16 என்று வந்தாலும் 23-க்கு 13 என்று வந்தாலும் அது காசு சுண்டினாலே வரக்கூடிய வித்தியாசம். பிள்ளைகள் இதை நம்ப மறுப்பார்கள். 36 தடவை காசு சுண்டி எண்ணச் சொல்லுங்கள். கணக்குப் பாடத்தின் நிகழ்தகவு அங்கேயே புரிந்துவிடும்.

முடிந்தால் இன்னொரு நாள், இரண்டு டம்ளரிலும் ஒரே பானத்தை ஊற்றி இதையே நடத்துங்கள். அப்போதும் ஒரு பக்கம் 25 விழுந்தால் கோளாறு உங்கள் ஏற்பாட்டில், எண்ணிலோ வைத்த இடத்திலோ இருக்கிறது. 1975-இல் அமெரிக்காவின் டல்லாஸில் பெப்ஸி தொடங்கிய பிரபலமான ருசிப் போட்டியில் பெப்ஸி டம்ளருக்கு எம், கோக் டம்ளருக்கு கியூ என்ற எழுத்துகள் இருந்தன. ஆட்களுக்கு எம் என்ற எழுத்தே பிடித்திருக்கிறது என்று கோக் தரப்பு வாதாடியது.

கே: கண்ணை மூடிக் கொடுத்தாலும் எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவேன் என்கிறான் மகன். எப்படிச் சோதிப்பது? (வாசகி, போச்சம்பள்ளி)

ப: மூன்று டம்ளர் வையுங்கள். இரண்டில் ஒரே பானம், ஒன்றில் மட்டும் வேறு. "எது தனி?" என்பது மட்டுமே கேள்வி, பெயர் சொல்ல வேண்டாம். தனி டம்ளரின் இடத்தை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றுங்கள். ஒரு சுற்றில் ஒரு கம்பெனி தனியாக இருந்தால் அடுத்த சுற்றில் மற்றது. டம்ளருக்கு 15 மி.லி. போதும். ஆறு சுற்றுகளை இரண்டு நாளாகப் பிரித்து நடத்துங்கள். ஆறில் ஐந்து சரியாக வந்தால் பையனுக்கு வித்தியாசம் தெரிகிறது. நாலு என்றால் குருட்டாம்போக்கிலும் வரும்.

இதை 36 பேர் கொண்ட வகுப்பில் ஆளுக்கு ஒரு சுற்று நடத்தினால், யோசிக்காமல் கை வைத்தாலே சுமார் 12 பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். 18 பேராவது சொன்னால்தான் இரு பானத்துக்கும் வித்தியாசம் தெரிகிறது என்று பொருள். அப்போதும் எது பிடிக்கும் என்பது தெரிந்துவிடாது. அது தனிக் கேள்வி, தனிச் சோதனை. இரண்டையும் ஒரே சீட்டில் கேட்டுக் குழப்பாதீர்கள்.

கே: மாம்பழ ஜூஸில் இரண்டு கம்பெனியையும் நாங்களே தயாரித்த ஒன்றையும் ஒப்பிடப் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்? (பிளஸ் ஒன் மாணவர், கிருஷ்ணகிரி)

ப: மாம்பழக்கூழ் ஃபேக்டரிகள் நிறைந்த ஊரில் செய்ய இதைவிடப் பொருத்தமான சோதனை இல்லை. உங்கள் ஊர்ப் பெங்களூரா, அதாவது தோத்தாபுரி, கூழ் அதிகம் கொடுக்கும் ரகம். பாட்டில் பானங்களுக்குப் பெரும்பாலும் அதுதான் போகிறது. தனியாகச் சாப்பிட்டால் வாசம் கொஞ்சம் மந்தம். அல்போன்சாவோடு ஒப்பிட்டால் உடனே தெரியும்.

ஒரு லிட்டருக்கு: நன்றாகப் பழுத்த பெங்களூராவின் கூழ் 150 கிராம், சர்க்கரை 110 கிராம், சிட்ரிக் அமிலம் 2 கிராம், மீதி காய்ச்சி ஆறிய தண்ணீர். சிட்ரிக் அமிலத்தை விட்டால் வெறும் தித்திப்பாக நிற்கும். கூழை மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். நார் நாக்கில் பட்டால் "இது வீட்டு ஜூஸ்" என்று கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் நண்பன் போட்ட ஜூஸுக்கு ஓட்டுப் போடுவார்கள். ஃபிரிட்ஜில் வைத்து அன்றே தீர்த்துவிட வேண்டும்.

கடைப் பானத்தின் லேபிளில் பழக்கூழ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மாம்பழ பானத்தில் அது 10-க்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. மூன்றையும் ஊற்றும் முன் குலுக்குங்கள், கூழ் அடியில் தங்கும். மஞ்சள் அடர்த்தி கூடினாலே பழம் அதிகம் என்று மனசு சொல்லும். அதனால் மூடி போட்ட கப்பில் ஸ்ட்ரா வைத்துக் கொடுங்கள்.

மூன்றையும் வரிசைப்படுத்த ஆறு விதம் உண்டு. 36 பேர் என்றால் ஒவ்வொரு விதத்துக்கும் ஆறு பேர். மிகத் தித்திப்பானதை முதலில் குடித்தவருக்கு அடுத்தது புளிக்கும். இப்படிப் பிரித்தால் அந்தக் குறை சமமாகும். ஒவ்வொருவரும் 1, 2, 3 என ரேங்க் போடட்டும். மொத்தக் கூட்டல் 216 வர வேண்டும், வராவிட்டால் யாரோ ஒரே ரேங்கை இரண்டு தடவை எழுதியிருக்கிறார்கள். இரண்டு பானங்களின் ரேங்க் கூட்டுத்தொகைக்குள் 17 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் மட்டும், கூட்டுத்தொகை குறைந்ததை உயர்ந்தது என்று எழுதுங்கள்.

கே: சோதனையில் ஜெயித்த பானத்தை முழு பாட்டிலாக வாங்கிக் குடித்தால் திகட்டுகிறதே? (வாசகர், ஓசூர்)

ப: ஒரு மிடறில் தித்திப்பு கூடியதுதான் ஜெயிக்கும், முழு பாட்டிலில் அதுவே திகட்டும். கோக் நிறுவனம் கிட்டத்தட்ட 2 லட்சம் பேரிடம் ருசி பார்க்க வைத்து, தித்திப்பைக் கூட்டி, 1985 ஏப்ரல் 23-இல் புதிய கோக்கை இறக்கியது. பழையது போய்விட்டதே என்று மக்கள் கொதித்தார்கள். ஜூலை 11-ஆம் தேதியே பழைய கோக் திரும்பி வருகிறது என்று அறிவித்துவிட்டார்கள். மிடறுச் சோதனையின் முடிவை "ஒரு மிடறுக்கு இது பிடித்தது" என்றே எழுதுங்கள்.

கே: பள்ளிக்கூடத்திலேயே கூல்டிரிங்ஸ் கொடுக்கலாமா? (பெற்றோர், அரூர்)

ப: கேட்க வேண்டிய கேள்விதான். சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்று 2020-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்தது. சோதனை விற்பனை அல்ல என்றாலும், தலைமை ஆசிரியரின் அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் வாங்காமல் தொடங்க வேண்டாம். 40 மி.லி. வீதம் இரண்டு டம்ளர் என்றால் சுமார் 8 கிராம் சர்க்கரை, அதோடு நிறுத்துங்கள். மிச்ச பாட்டிலைப் பிள்ளைகளிடம் பரிசாகக் கொடுப்பது தவறு. எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம், குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அதன் டப்பாவிலேயே இருக்கும். சர்க்கரை நோய் உள்ள பிள்ளை இருந்தால் சீட்டு எண்ணும் பொறுப்பைக் கொடுங்கள், ஒதுக்கிவைத்தது போல இருக்காது.

எங்களைக் கேட்டால், லிட்டருக்கு 60, 80, 100 கிராம் சர்க்கரை போட்ட மூன்று எலுமிச்சை ஜூஸைக் கொடுத்து ரேங்க் போடச் சொல்வதே மேல். எவ்வளவு தித்திப்பு போதும் என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.

கே: வாய் கொப்பளிக்க எந்தத் தண்ணீர்? (ஆசிரியர், பென்னாகரம்)

ப: போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பின் ருசி நாக்கில் நின்று அடுத்த பானத்தையும் மாற்றிவிடும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து போர் தண்ணீரில் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு வேறு. குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். எது எடுத்தாலும் எல்லோருக்கும் அதே தண்ணீர், ஐஸ் போடாமல். கூடவே உப்புப் போடாத பொரி ஒரு கைப்பிடி கொடுத்தால் நாக்கு சீக்கிரம் சுத்தமாகும். மதிய உணவுக்கு முன், காலை பத்தரை மணிவாக்கில் நடத்துங்கள். புளிக்குழம்பு சாப்பிட்ட வாயோடு வந்தால் எந்தத் தண்ணீரும் உதவாது.